மரம் இங்கே, பெயர் அங்கே

பாகூர் கடைத்தெருவில் காலை எட்டு மணி டீக்கென்று ஒரு கூட்டம் உண்டு. வயலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், டவுனுக்குப் பஸ் பிடிக்க நிற்கிறவர்கள், பனித்திட்டிலிருந்தும் நரம்பையிலிருந்தும் மீன் கூடையோடு வந்து இறங்குகிற பெண்கள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில் என் அக்கா மகனும் இருந்தான். வில்லியனூரில் பிளஸ் டூ படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். டீ வரும்வரை போனைத் தடவிக்கொண்டிருந்தவன், திடீரென்று திரையை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

நீலக் கடல். வெள்ளை வெளேரென்று ஒரு படகு. ஒரு படகு என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு ஒல்லி உடம்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு மேடை, மேடைமேல் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஜோடி.

“மாமா, இதுக்குப் பேரு கேட்டமரான். கட்டுமரத்துலேருந்து போன வார்த்தைன்னு எங்க தமிழ் ஐயா சொன்னாரு. சரி, இதுல கட்டு எங்க இருக்கு? மரம் எங்க இருக்கு?”

நியாயமான கேள்வி. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டியல் ஒப்பிப்போமே, அதில் கட்டுமரத்துக்கு எப்போதும் முன்வரிசை. ஒப்பித்துவிட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வதோடு நம் வேலை முடிந்துவிடும். போன சொல் போன இடத்தில் எதன்மேல் ஏறி உட்கார்ந்தது என்று கேட்கிற பழக்கம் இல்லை. இவன் கேட்டான்.

“உக்காரு மாப்ள. இதுக்கு ஒரு டீ பத்தாது” என்றேன்.

டீ மாஸ்டரிடம் ஒரு வத்திப்பெட்டியும், பார்சல் டீ கட்டுகிற நூலில் ஒரு முழமும் வாங்கினேன். பெஞ்சின்மேல் ஐந்து குச்சிகளை வரிசையாக அடுக்கி, தலைப்பக்கம் ஒரு கட்டு, வால்பக்கம் ஒரு கட்டு போட்டேன். “இதான் கட்டுமரம். கட்டின மரம். பேருக்கு விளக்கமே வேணாம். ஆணி இல்ல, பசை இல்ல. மூணு மரமோ அஞ்சு மரமோ, பெரிசா வேணும்னா ஏழு மரமோ சேத்து, தேங்காநாருக் கயிறால ரெண்டு எடத்துல இறுக்கிக் கட்டறது.”

அவன் குச்சிகளை விரலால் தள்ளிப் பார்த்தான். “ஓட்டை ஓட்டையா இருக்குதே, தண்ணி உள்ள வராதா?”

“வரும். வந்த வழியாவே போயிடும். அதான் விஷயமே.”

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் சோழமண்டலக் கரை ஆழம் குறைந்த மணல் கரை. இயற்கையான துறைமுகம் கிடையாது. கரைக்கு வரும் அலை ஒன்றன்பின் ஒன்றாக மடிந்து உடைகிறது. குழிந்த படகு இங்கே வந்தால், ஒரு அலை பின்னாலிருந்து ஏறி உள்ளே ஒரு தொட்டித் தண்ணீரைக் கொட்டும். அடுத்த அலை படகைக் கவிழ்க்கும். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்றே இல்லை. தண்ணீர் மேலே ஏறும், இடுக்கு வழியாக வடியும். மூழ்குவதற்கு அதனிடம் வயிறு இல்லை. மிதப்பது மரத்தின் கனமின்மையால். அதனால்தான் கனமில்லாத மரமாகத் தேடிப் பிடிப்பார்கள். கடலில் கிடக்கக் கிடக்க மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். ஆகையால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காயவைப்பார்கள். மறுநாள் மறுபடி கட்டு. கட்டுவதும் அவிழ்ப்பதும் அதன் அன்றாடம்; பெயர் அந்த அன்றாடத்திலிருந்து வந்தது.

இவ்வளவையும் நான் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ ஊதிக்கொண்டிருந்த அம்மாள் என் குச்சிகளை எட்டிப் பார்த்தார். பனித்திட்டுக்காரர். அறுபதுக்கு மேல் இருக்கும்.

“இன்னா வாத்தியாரே, எல்லாத்தையும் ஒரே மட்டமாக் கட்டிக்கீறீங்க? இது கதவுப் பலகையா?” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு குச்சிகளை வாங்கினார். நடுக்குச்சியைக் கீழே இறக்கி, ஓரக் குச்சிகளை ஒரு இழை மேலே ஏற்றி, மறுபடி இறுக்கினார். இப்போது அது ஏந்திய உள்ளங்கை மாதிரி லேசாகக் குழிந்து நின்றது. “நடுமரம் தாழ இருக்கணும். ஓரமரம் ஒசந்து இருக்கணும். அப்பத்தான் ஆளு உக்காந்தா நிக்கும். அணியத்துல மூக்கு தூக்கி இருக்கணும். இதுல அதெல்லாம் எங்க வைக்கறது?”

அணியம் என்றால் முன்பக்கம். மருமகன் அந்தச் சொல்லைப் போனில் குறித்துக்கொண்டான்.

“ஆனா கட்டுமரம் கட்டுமரம்னு நீங்கதான் சொல்றீங்க. எங்க மாமனாரு ‘மரம்’னுதான் சொல்வாரு. மரத்துல போயிக்கிறாரு, மரம் வந்துடுச்சி. அவ்ளோதான். கோலா மீனுக்குப் போறது பெரிய மரம், அது கோலாமரம்.”

அவர் சொன்னது சரி. கட்டுமரம் என்பது ஊர்க்காரன் வாய்ப் பேச்சு. கரைக்காரனுக்கு அது வெறும் மரம். வீட்டில் ஒரே ஒரு மாடு இருந்தால் அதை மாடு என்றுதானே கூப்பிடுவோம்? கோலா என்பது பறக்கும் மீன். அது கிடைக்கும் காலத்தில் ஆழத்துக்குப் போக வேண்டியிருப்பதால் மரமும் நீளம், ஆளும் கூடுதல். பாய் கட்டித்தான் போக வேண்டும். அந்தப் ‘பாய்’ என்ற சொல்லும் பார்க்கத் தக்கது. படுக்கிற பாயும் அதுதான், காற்று பிடிக்கிற பாயும் அதுதான். ஓலையும் கோரையும் முடைந்து காற்றுக்குக் கட்டிய காலத்தின் தடம் அது என்று நினைக்கிறேன். துணி வந்தபிறகும் பெயர் பாயாகவே இருந்துவிட்டது. சங்க இலக்கியத்தில் கப்பல் பாய்க்கு ‘இதை’ என்றும் பாய்மரத்துக்குக் ‘கூம்பு’ என்றும் சொல் இருந்தது. அவை இரண்டும் செத்துப்போயின. முடைந்த பாய் மட்டும் பிழைத்தது.

சரி, இந்த மரத்தின் பெயர் எப்படிக் கடல் தாண்டியது? 1583-ல் காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகரத்து ரத்தின வியாபாரி சாந்தோமுக்கு வந்தார். ஏழு உருட்டு மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு வினோதத்தின்மேல் ஆட்கள் அலையைக் கடப்பதைப் பார்த்தார். எண்ணிப் பார்த்து, ஐந்து மரம் அடியில் இருப்பதையும் எழுதிவைத்தார். ‘கத்தமெரோனி’ என்று அதற்குப் பெயர் சொன்னார். இத்தாலியக் காது அப்படிக் கேட்டிருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர், பாதிக் கடற்கொள்ளையர், பாதி இயற்கை ஆய்வாளர், 1697-ல் அச்சான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையில் இதன் பெயர் கேட்டமரான் என்று எழுதினார். பிரெஞ்சுக்காரர் ‘கட்டிமரோன்’ என்றார்கள். இதுவரைக்கும் பெயரும் பொருளும் ஒன்றாகவே போயின. அவர்கள் எழுதியது இந்த அம்மாளின் மாமனார் ஏறிய மரத்தைத்தான்.

ஆங்கிலேயர் நாட்டுக்குப் போனதும் சொல்லுக்குக் குணம் மாறியது. 1804-ல் நெப்போலியனின் படகுக் கூட்டம் புலோன் துறையில் நின்றபோது, அதைத் தகர்க்க வெடிமருந்து நிரப்பிய பெட்டிகளை ஆங்கிலேயர் நீரில் மிதக்க விட்டார்கள். ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய அந்த வெடிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் கேட்டமரான். பிறகு வாயாடிச் சண்டைக்காரிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். ‘கேட்’ என்றால் பூனை என்பதால் ஒட்டிக்கொண்டிருக்கும். டீ ஊதிக்கொண்டிருந்த அம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்கு வஞ்சிரம் கிடைத்திருக்காது.

கடைசித் திருப்பம் அமெரிக்காவில். நத்தானியல் ஹெரஷாஃப் என்ற படகு வல்லுநர் 1876-ல் ‘அமரில்லிஸ்’ என்றொரு பாய்மரப் படகு கட்டினார். இரண்டு ஒல்லி உடல், நடுவே இணைப்பு. அந்த ஜூன் மாதம் நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில் மற்றப் படகுகளையெல்லாம் அது பின்னால் விட்டுவிட்டுப் போனது. தோற்றவர்கள் இது படகே இல்லை என்று வழக்காடி, அதைப் பந்தயத்திலிருந்தே விலக்கினார்கள். அந்த வகைக்குத்தான் கேட்டமரான் என்ற பெயர் நிலைத்தது. இரட்டை உடல் படகு ஐரோப்பாவுக்கு அதற்கு முன்பே தெரியாததல்ல. 1662-லேயே வில்லியம் பெட்டி என்பவர் டப்ளினில் ஒன்று கட்டினார். அதற்குப் பெயர் ‘இரண்டு அடி கொண்ட கப்பல்’ என்பது போலத்தான் இருந்தது. இருநூறு வருஷம் கழித்து, எங்கோ மிதந்துகொண்டிருந்த நம் சொல்லைப் பிடித்து அதன்மேல் ஒட்டிவிட்டார்கள். இரண்டு எதையோ சேர்த்துக் கட்டியிருக்கிறது என்ற மட்டில் பொருத்தம். மற்றபடி நம் மரத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது.

“அப்போ ரெண்டு படகைச் சேத்துக் கட்டறது நம்மகிட்ட இல்லியா?” என்றான் மருமகன்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டாவது டீ சொன்னேன்.

இருந்தது. அதற்குப் பெயர் சங்காடம். இரண்டு ஓடங்களை அருகருகே நிறுத்தி, குறுக்கே மரம் போட்டுப் பிணைத்து, மேலே பலகை பரப்பினால் சங்காடம். ஆற்றைக் கடக்க, வண்டி மாடு ஏற்ற, பாரம் ஏற்ற. மலையாளத்தில் சங்ஙாடம் என்றால் இன்றைக்கும் பச்சைக் குழந்தைக்குத் தெரியும். அங்கே தெப்பத்துக்கும் அதே சொல் ஓடுகிறது. ‘சங்காத’ என்ற வடசொல்லுக்குச் சேர்க்கை என்று பொருள், அதிலிருந்து வந்தது என்பார்கள். சகவாசம் என்ற பொருளில் ‘அவன் சங்காத்தமே வேணாம்’ என்கிறோமே, அதுவும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

இந்தச் சொல்லின் வயதைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்று கிரேக்க மொழியில் ஒரு கையேடு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. எழுதியவர் பெயர் தெரியாத ஒரு கடல் வியாபாரி. எந்தத் துறையில் என்ன வாங்கலாம், எங்கே மிளகு, எங்கே முத்து என்று கணக்கப்பிள்ளை தொனியில் சொல்லிக்கொண்டே போவார். நம் கரைக்கு வரும்போது மூன்று துறைகளை அடுத்தடுத்துக் குறிப்பிடுகிறார்: கமரா, பொதுகே, சோபட்மா. அடுத்த மூச்சில் இங்கே ஓடும் கலங்களைச் சொல்கிறார். கரையோரமாகப் போகும் உள்ளூர்க் கலங்கள் ஒரு வகை. ஒற்றை மரக் கலங்களைச் சேர்த்துப் பிணைத்த மிகப் பெரியவை இன்னொரு வகை. அவற்றுக்குப் பெயர் ‘சங்கரா’. கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் கடல் கடந்து போகும் பெருங்கலங்கள் மூன்றாவது. அவற்றுக்குப் பெயர் ‘கொலாந்தியா’. இந்தக் கடைசிச் சொல்லை ஒருவர் தமிழுக்கு இழுப்பார், ஒருவர் சீனத்துக்கு இழுப்பார். அந்தக் கயிறிழுப்பில் நான் சேர்வதில்லை. ஆனால் சங்கராவைச் சங்காடத்தோடு சேர்க்காத ஆராய்ச்சிக்காரர் குறைவு.

பொதுகே எது? வில்லியனூரிலிருந்து டவுனுக்கு வருகிறவன் ஆரியப்பாளையம் பாலத்தைத் தாண்டுகிறான். கீழே சங்கராபரணி. அந்த ஆறு வில்லியனூரைத் தாண்டியபின் பிரிந்து அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் கடலுக்குப் போகிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருப்பது அரிக்கமேடு. அங்கே 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு 1947 முதல் 1950 வரை ழான் மரி கசால். இத்தாலியில் சுட்ட சிவப்பு மட்கலம், மது வந்த கூர்முனைச் சாடிகளின் ஓடுகள், மணிகள், ஆற்றை ஒட்டிச் செங்கல் கட்டடம் எல்லாம் வெளியே வந்தன. அதுதான் பொதுகே என்பது அறிஞர்கள் பெரும்பாலோர் முடிவு. ‘புது’ என்ற நம் சொல் அதில் ஒளிந்திருக்கிறது என்றும் சொல்வார்கள்.

“ஆக மாப்ள, உன் போன்ல இருக்கறதை, ரெண்டு உடம்பைச் சேத்துக் கட்டினதை, ஒரு கிரேக்கன் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி, நீ தெனம் பஸ்ல தாண்டற இந்த ஆத்துப் பேரையும் கரைப் பேரையும் சொல்ற அதே பக்கத்துல எழுதி வச்சிருக்கான். அதுக்குப் பேரு சங்காடம். கட்டுமரம் இல்ல.”

ஆற்றின் பெயரைக் கிரேக்கர் எழுதவில்லை. அது நான் டீ வேகத்தில் சேர்த்தது. உடனே திருத்திக்கொண்டேன். எழுதியது துறையின் பெயரை மட்டும்தான்.

கூத்து இதோடு முடியவில்லை. மலையாளக் கரையில் சங்ஙாடத்தைப் பார்த்த போர்ச்சுகீசியர் அதை ‘ஜங்கடா’ ஆக்கிக்கொண்டார்கள். அவர்களே பிரேசிலுக்கும் போனார்கள். அங்கே வடகிழக்குக் கரையில் மீனவர்கள் கனமில்லாத மரங்களை வரிசையாகச் சேர்த்து, முக்கோணப் பாய் கட்டிக் கடலுக்குப் போவதைப் பார்த்ததும், கையிலிருந்த ஜங்கடா என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே ஜங்கடாதான். அதாவது, நம் கட்டுமரத்தின் அச்சான ஒன்று பிரேசிலில் சங்காடம் என்ற பெயரோடு அலைகிறது. நம் சங்காடத்தின் அச்சான ஒன்று உலகம் பூராவும் கட்டுமரம் என்ற பெயரோடு அலைகிறது. கல்யாண வீட்டு வாசலில் செருப்பு மாறிப்போன மாதிரி.

மருமகன் சிரித்தான். டீ மாஸ்டர், “அப்போ ரெண்டு பேருக்கும் செருப்பு பத்தியிருக்குதுல்ல, விடுங்க” என்றார்.

புதுச்சேரிக்காரன் படகைப் பேசினால் சலங்கைச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. பிரெஞ்சுக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். கவர்னர் வந்தாலும் சரி, கள் பீப்பாய் வந்தாலும் சரி, கப்பலிலிருந்து இறக்கிக் கரை சேர்த்தது சலங்கு. இதுவும் ஆணி இல்லாத சாதி. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, இடுக்கில் வைக்கோலும் நாரும் அடைத்து, தென்னங்கயிறால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துவிடுவார்கள். கிழிந்த சாக்கைத் தைப்பதுபோல. ஆணி அடித்து விறைப்பாகக் கட்டிய படகு தரையில் மோதினால் பிளக்கும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பும். தையல் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். இறைப்பதற்கென்றே ஒருவன் உட்கார்ந்திருப்பான். மதராசில் இதன் உறவுப் படகுக்கு மசூலா என்று பெயர். மசூலிப்பட்டினத்திலிருந்து வந்த பெயர் என்பது ஒரு கட்சி, மீனைக் குறிக்கும் மச்லி என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கட்சி.

சலங்கைப் பிரெஞ்சுக்காரர் ‘ஷெலாங்க்’ என்று தங்கள் எழுத்தில் ஏற்றினார்கள். ஓட்டிய முக்குவரை ‘மக்குவா’ என்றார்கள். படகு ஓட்டுகிறவன் யாரானாலும் பிறகு மக்குவாதான். சலங்கு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்க, பக்கத்திலேயே கட்டுமரத்தில் ஆட்கள் வருவதும் மதராஸ் கரையில் வழக்கம். அந்தக் கட்டுமரக்காரர்கள் பாயில் முடைந்த கூர் தொப்பி ஒன்று வைத்திருப்பார்கள். கப்பலுக்குப் போகிற கடிதத்தை அதற்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டால், ஆள் மூழ்கி எழுந்தாலும் கடிதம் நனையாது. தபால் உடுப்பிலேயே எனக்குப் பிடித்தது அந்தத் தொப்பிதான்.

1866-ல் புதுச்சேரியில் கடலுக்குள் இரும்புப் பாலம் நீட்டியபிறகு சலங்குக்கு மவுசு குறைந்தது. அந்தப் பாலத்தையும் 1952-ல் புயல் அடித்துக்கொண்டு போனது. இப்போது கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் தெரிகிற துருப்பிடித்த தூண்கள் அதன் மிச்சம்.

பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-ல் சாகிறவரை எழுதிய நாட்குறிப்பில் சலங்கு ஓயாமல் வந்து போகும். கூடவே ‘சுலுப்பு’ என்று ஒன்று வரும். அது என்ன மாயச் சொல் என்று முதலில் வாசித்தபோது விழித்தேன். டச்சுக்காரரின் ஸ்லூப். ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல். ‘ஸ்லூ’ என்று சொல் தொடங்குவது நம் நாக்குக்கு ஆகாது. ஒரு உகரத்தை நடுவில் செருகி, கடைசியில் இன்னொரு உகரம் வைத்து, சுலுப்பு என்று உள்ளூர் ஆக்கிவிட்டோம். கட்டுமரத்தை அவர்கள் படுத்திய பாட்டுக்கு இது பதில் மரியாதை. பிள்ளைக்கே சொந்தமாக ஒரு கப்பல் இருந்தது. அதன் பெயர் ஆனந்தப் புரவி. தம் பெயரில் பாதியும் ஒரு குதிரையும். கடல்மேல் ஓடுகிறதைக் குதிரை என்று நினைத்த அந்த மனசை நினைத்துப் பாருங்கள். பேப்பரில் கணக்கு மட்டும் எழுதுகிற ஆள் அல்ல அவர்.

மற்றப் பெயர்களை மருமகன் கேட்கக் கேட்க ஓட்டமாகச் சொன்னேன். தோணி, ஒற்றை மரத்தைத் தோண்டிச் செய்ததால். அதன் வேர் தமிழா, ‘த்ரோணி’ என்ற வடசொல்லா என்ற வாதம் இருக்கிறது. தோண்டு என்ற சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நான் தமிழ்க் கட்சி. மாலத்தீவில் படகுக்கே தோனி என்றுதான் பெயர். (கிரிக்கெட் தோனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.) தூத்துக்குடித் தோணியோ தோண்டிய மரமே அல்ல, பலகை வைத்துக் கட்டிய பெரிய சரக்குக் கலம், பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்தது. பெயர் மட்டும் பழைய குடைமரத்தினுடையது. இலங்கையில் அதே சொல் ‘கள்ளத்தோணி’ ஆகி, தோட்டத்துத் தமிழர் முகத்தில் எறிகிற வசையானது. ஒரு படகின் பெயர் இவ்வளவு கீழே இறங்கிய வேறு கதை எனக்குத் தெரியாது.

வள்ளம் என்றால் கிண்ணம், தானியம் அளக்கும் அளவையும்கூட. அந்த வடிவம் படகுக்கும் பெயர் கொடுத்தது. திமில் என்று சங்க காலத்து மீன்படகு ஒன்று. இன்றைக்கு அந்தச் சொல் காளையின் முதுகில் மட்டும் இருக்கிறது. கப்பல் என்ற நம் சொல் மலாய் மொழியில் ‘கபால்’. போட்டி போட்டுக்கொண்டு அங்கிருந்து சம்பான் இங்கே வந்தது.

பேர் மாறுகிற கதையில் ஒன்றை மட்டும் நிறுத்திச் சொன்னேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் பாய் விரித்து அதை அட்லாண்டிக் தாண்டி ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டு 1-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையில் நிறுத்தினார்கள். ஸ்கூனர் என்ற பாய்மரக் கப்பலுக்கு 1713-ல் பெயர் பிறந்ததாக ஊர்க்கதை சொல்லுகிற அதே குளோஸ்டர். அங்கே அன்னபூரணிக்கு வேறு பெயர்: ‘ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்’. வாங்கியவரின் மனைவி பெயர். கப்பலுக்குப் புகுந்த வீட்டுப் பெயர் வைத்தாயிற்று.

“இப்ப உங்க ஊர்ல மரம் இருக்குதா?” என்று மருமகன் அந்த அம்மாளிடம் கேட்டான்.

“மரமா? சுனாமியோட போச்சி. எல்லாம் ஃபைபர் தான். ஃபைபர்லயே கட்டுமரம் மாதிரி ஊத்தித் தரான், அதயும் மரம்னுதான் சொல்லுதுங்க பசங்க.”

மருமகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கட்டும் இல்லை, மரமும் இல்லை. போனில் இருந்ததைக் காட்டி அவன் கேட்ட கேள்வி, கடைசியில் பனித்திட்டுக் கரைக்கே வந்து நின்றுவிட்டது. என்னிடம் அதற்கு மூன்றாவது டீ இல்லை.

அம்மாள் எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்தார். கூடையைத் தூக்கிவிடச் சொல்லி மருமகனைக் கூப்பிட்டவர், என்ன நினைத்தாரோ, பெஞ்சின்மேல் இருந்த வத்திக்குச்சி மரத்தை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். ஐந்து குச்சிகளையும் வெயில் விழுகிற ஓரமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் வரிசையாக வைத்தார். “கரைக்கு வந்தா அவுக்கணும்” என்றார். நூலைச் சுருட்டி டீ மாஸ்டரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, பஸ்ஸுக்கு நின்ற ஒருவரின் பார்சல் டீயைக் கட்டினார்.